கொலுசு பண்ண ஆள் வேணும்னா உயிர் பண்ண ஆள் வேண்டாமா? பத்தாவது படிக்கிற பொண்ணு கேட்ட கேள்வி

செவ்வாய்பேட்டை கொலுசு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் இங்க அதிகம் எழுதுறவன் கெடையாது, படிச்சுட்டு போயிடுவேன், ஆனா ரெண்டு வாரமா மனசுலயே ஓடிட்டு இருக்கு, யாராவது தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எங்களுக்கு வெள்ளி கொலுசு பட்டறை, அப்பா காலத்துல இருந்து. நாங்க கிறிஸ்தவங்க, ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்கு போறவங்க. பொண்ணு பத்தாவது. சயின்ஸ்ல 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்'னு பாடம் வருதுல்ல, அத நடத்தும்போது ஸ்கூல்ல டீச்சரே "இத பரீட்சைக்கு மட்டும் படிங்க, மனசுல ஏத்திக்காதீங்க"ன்னு சொல்லிட்டாங்களாம். ஞாயித்துக்கிழமை வகுப்புல ஆறே நாள்ல படைச்சாருன்னு சொல்றாங்க. இவ வீட்டுக்கு வந்து "அப்பா, நான் பரீட்சையில பொய் எழுதுறேனா, இல்ல கோயில்ல பொய் கேக்குறேனா"ன்னு கேட்டா. எனக்கு பதில் வரல.

நான் என்ன சொன்னேன்னா, பாரும்மா, இந்த கொலுசு தானா வந்துச்சா? கம்பி இழுத்து, வளையம் வெட்டி, பொடி வச்சு ஊதி ஒட்டி, சலங்கை கோத்து, மெருகு போட்டு எத்தன கை பட்டு வருது. கொலுசுக்கே பண்றவன் வேணும்னா உயிருக்கு வேண்டாமான்னேன். அவ கொஞ்ச நேரம் பாத்துட்டு "கொலுசு குட்டி போடாதேப்பா"ன்னுட்டு போயிட்டா. அதுல இருந்து தூக்கம் இல்ல. அவ சொன்னது சரியா? சண்ட போடாம சொல்லுங்க, என் நம்பிக்கைய கிண்டல் பண்ண வேண்டாம்.

---

விசுவாசி சேலம் எழுதியது:

பிரதர், உங்க வேதனை புரியுது. நானும் பதினஞ்சு வருஷமா ஞாயிறு வகுப்பு எடுக்குறவ தான். பிள்ளைகிட்ட தெளிவா சொல்லுங்க, பரிணாமம்னுறது ஒரு தியரி மட்டும் தான், நிரூபிச்சது இல்ல. யாராவது குரங்கு மனுஷனா மாறுறத பாத்திருக்காங்களா? சின்ன சின்ன மாத்தம் ஒரே இனத்துக்குள்ள நடக்கும், நாய்ல பல ஜாதி வரும், அத நான் மறுக்கல. ஆனா நாய் நாயா தான் இருக்கும். கார்பன் வச்சு பாறைக்கு கோடி வருஷம்னு கணக்கு சொல்றதும் தப்பா போயிருக்குன்னு படிச்சிருக்கேன். முதல் உயிர் எப்படி வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எந்த ஆய்வுக்கூடத்துலயும் செஞ்சு காட்ட முடியல. அங்க தான் தேவனோட கை இருக்கு. நான் கோவத்துல சொல்லல, அந்த பிள்ளையோட ஆத்துமா மேல இருக்குற அக்கறையில சொல்றேன்.

---

கோட்டைமாரி பக்தன் எழுதியது:

இதெல்லாம் நம்ம தசாவதாரத்துலயே இருக்குங்க. மச்சம் மீன், கூர்மம் தண்ணியிலயும் நிலத்துலயும் இருக்குறது, வராகம் நிலத்து மிருகம், நரசிம்மம் பாதி மிருகம் பாதி மனுஷன், வாமனன் குள்ள மனுஷன். டார்வின் 1859-ல சொன்னத நம்ம ஆளுங்க எப்பவோ சொல்லிட்டாங்க.

---

வெள்ளைக்கல் எழுதியது:

மேக்னசைட் சுரங்கத்துல முப்பது வருஷம் வேல பாத்து ரிட்டயர் ஆனவன், கல்லு பத்தி மட்டும் பேசுறேன்.

விசுவாசி அம்மா, கார்பன் முறைய பாறைக்கு யாரும் போடுறது இல்லம்மா. அது உயிரோட இருந்த பொருளுக்கு, எலும்பு, கரி, மரம், அதுவும் சுமாரா 50,000 வருஷம் வரைக்கும் தான். பாறைக்கு வேற முறை. சிர்கான்னு பொடிப்பொடியா ஒரு படிகம் பாறைக்குள்ள இருக்கும், அது உருவாகும்போது யுரேனியத்த உள்ள விடும், ஈயத்த விடாது. அப்புறம் யுரேனியம் தானா சிதைஞ்சு ஈயமா மாறிட்டே இருக்கும், யுரேனியம் 238 பாதியா குறைய 447 கோடி வருஷம் ஆகும். இப்ப உள்ள எவ்ளோ ஈயம் இருக்கு, எவ்ளோ யுரேனியம் மிச்சம்னு அளந்தா வயசு வந்துரும். அளக்குறவன் எந்த மதமா இருந்தாலும் அதே நம்பர் தான் வரும்.

ஏற்காடு ரோட்டுல ஏறும்போது ரோடு வெட்டுன இடத்துல நீலம் கலந்த கருஞ்சாம்பலா ஒரு பாறை தெரியும் பாருங்க, எண்ண தடவுன மாதிரி மினுங்கும். அதுக்குப் பேரு சார்னோகைட். கல்கத்தாவுல ஜாப் சார்னாக்னு ஒரு வெள்ளைக்காரரோட கல்லறையில வச்ச கல்லும் இதே வகை தான், அத வச்சு தான் தாமஸ் ஹாலந்துன்னு ஒரு பாறை ஆராய்ச்சியாளர் 1893-ல இந்தப் பேரு வச்சாரு. சேலம் பக்கத்துல இந்த மாதிரி பாறைகளுக்கு வந்த வயசு சுமாரா 250 கோடி வருஷம். பூமிக்கு 454 கோடி. பூமிக்கு ஆறாயிரம் வருஷம் தான்னு சில பேரு சொல்றாங்களே, அந்தக் கணக்கு, கி.மு. 4004-ல படைப்புன்னு அஷர்ங்குற பிஷப் 17-ஆம் நூற்றாண்டுல வேதாகமத்துல இருக்குற வம்ச வரலாற்ற கூட்டிப் பாத்து சொன்னது. வேதாகமத்துல அந்த நம்பர் நேரா எங்கயும் எழுதி இல்ல.

இன்னொன்னு, நம்ம மலையில படிமம், அதான் கல்லா மாறிப்போன பழைய உயிர், தேடாதீங்க, கெடைக்காது. அந்த பாறை பூமிக்கு ரொம்ப ஆழத்துல கடுஞ்சூட்டுல வெந்து வந்தது. அரியலூர் போங்க. வாரணவாசியில படிம அருங்காட்சியகம் இருக்கு. ஒரு காலத்துல கடல் இருந்த இடம், அம்மோனைட்னு அழிஞ்சு போன கடல் உயிரோட ஓடு சுருள் சுருளா கல்லா கெடைக்கும். அந்த அடுக்குல ஒரு மாட்டு எலும்போ யானைப் பல்லோ வந்ததே இல்ல. சில பேரு சொல்ற மாதிரி நோவா காலத்து வெள்ளம் வந்து எல்லாத்தையும் ஒண்ணா புதைச்சிருந்தா கலந்துல இருக்கணும்?

---

காப்பிக்காடு எழுதியது:

வணக்கம்ங்க, ஏற்காட்டுல ரெண்டு ஏக்கரு காப்பி வச்சிருக்கேன். படிப்பு பிளஸ் டூ தான். ஆனா "யாராச்சும் கண்ணால பாத்திருக்காங்களா"ன்னு அம்மா கேட்டது மட்டும் எனக்கு இடிக்குது, ஏன்னா நாங்க பாத்துட்டு தான் இருக்கோம், எங்க வயித்துல அடிக்கிறதே அது தான்.

காப்பி இலைக்கு அடியில மஞ்சளும் செகப்பும் கலந்து பொடி மாதிரி ஒண்ணு வரும், வெரல்ல தேச்சா குங்குமப்பூ மாதிரி ஒட்டிக்கும். இலைத்துரு நோய், நாங்க ரஸ்ட்டுன்னு சொல்லுவோம். அது ஒரு பூஞ்சணம். இதே நோய் தான் 1869-ல சிலோன்ல வந்து கொஞ்ச வருஷத்துல காப்பியவே அழிச்சிருச்சு, அதுக்கப்புறம் தான் அங்க எல்லாம் தேயிலைக்குப் போனாங்க. நம்ம பக்கம் 1910, 20 வாக்குல கென்ட்ஸ்னு ஒரு ரகம் வந்துச்சு, துரு அண்டாதுன்னு எல்லாரும் வச்சாங்க. கொஞ்ச வருஷம் தான். அந்த ரகத்தையும் புடிக்கிற மாதிரி புதுசா ஒரு துரு வந்துருச்சு. அப்புறம் 1940கள்ல எஸ் 795, இன்னிக்கும் எங்க தோட்டத்துல நிக்குது, துரு வருது. 80கள்ல காவேரின்னு ஒண்ணு குடுத்தாங்க, எங்கப்பா கடன் வாங்கி நட்டாரு, மருந்தே அடிக்க வேண்டாம்னு சொன்னது, இப்ப அதுலயும் இலை கொட்டுது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைச்சு மழைக்கு முன்னாடி அடிச்சா தான் உண்டு.

என்ன நடந்துச்சு? பூஞ்சணம் கோடிக்கணக்குல வித்து விடுது, ஒண்ணு ரெண்டுல ஏதோ மாறுது, நாங்க பலமான ரகத்த வச்சா அத மீறத் தெரிஞ்சது மட்டும் பொழச்சு பெருகுது. யாரும் உக்காந்து புதுத் துருவ டிசைன் பண்ணல. பண்ணாங்கன்னா, எங்கப்பா கடன கட்ட முடியாம தவிச்சதுக்கு கடவுள் தான் காரணம்னு ஆகுது. அப்படிப்பட்ட கடவுள என்னால கும்பிட முடியாது, நான் சேர்வராயன கும்பிடுறவன்.

---

விசுவாசி சேலம் எழுதியது:

தம்பி, உங்கப்பா கஷ்டம் கேட்டு மனசுக்கு சங்கடமா இருக்கு. ஆனா நீங்க சொன்னதுலயே பதிலும் இருக்கு. துரு துருவா தான் இருக்கு, காப்பி காப்பியா தான் இருக்கு. நான் சொன்னதும் அதானே, ஒரு இனத்துக்குள்ள மாத்தம். துரு காளானா மாறுனத பாத்தீங்களா?

வெள்ளைக்கல் ஐயா சொன்ன கார்பன் விஷயம் எனக்கு தெரியாது, நான் தப்பா சொல்லிட்டேன், மன்னிக்கணும். இனிமே வகுப்புல அத சொல்ல மாட்டேன்.

---

பத்தாப்பு டீச்சர் எழுதியது:

அரசுப் பள்ளியில அறிவியல் எடுக்குறேன். முதல்ல, "பரீட்சைக்கு மட்டும் படி"ன்னு ஒரு டீச்சர் சொன்னதப் படிச்சதும் எனக்கு வயிறு எரிஞ்சுது. பிள்ளைக்கு நாம குடுக்குறதே நம்பிக்கை தானே, அத இப்படியா உடைக்கிறது? 2023-ல மத்திய பாடத்திட்டத்துல பத்தாம் வகுப்புல இருந்து பரிணாமத்த எடுத்தப்ப நாடு முழுக்க 1800-க்கு மேல விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு எதிர்ப்பு தெரிவிச்சாங்க. நம்ம மாநிலப் புத்தகத்துல அது இருக்கு. இருந்தும் வகுப்பறையில இப்படி சொன்னா எடுத்ததுக்கும் வச்சதுக்கும் என்ன வித்தியாசம்.

விசுவாசி அக்கா கேட்டது நியாயமான கேள்வி, நேரா பதில் சொல்றேன். பெரிய மாத்தம் நடக்க லட்சம், கோடி வருஷம் ஆகும், நம்ம ஆயுசுல கண்ணால பாக்க முடியாது. ஆனா தடயம் இருக்கு. நான் பேப்பர் திருத்தும்போது ரெண்டு பசங்க சரியான பதில ஒரே மாதிரி எழுதியிருந்தா சந்தேகப்பட மாட்டேன், படிச்சிருப்பாங்க. ஒரே தப்ப ஒரே வரியில ஒரே எழுத்துப்பிழையோட எழுதியிருந்தா? ஒரு இடத்துல இருந்து தான் வந்திருக்கும். அதே தான் இங்கயும். வைட்டமின் சி-ய உடம்புக்குள்ளயே செய்ற மரபணு ஆடு, நாய், எலிக்கு எல்லாம் வேல செய்யுது. நமக்கு அந்த மரபணு இருக்கு, ஆனா உடைஞ்சு கெடக்கு, அதனால தான் நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிட வேண்டியிருக்கு. சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் அதே மரபணு உடைஞ்சு தான் இருக்கு, அதுவும் பல இடத்துல நம்மள மாதிரியே. கினிப்பன்றிக்கும் உடைஞ்சிருக்கு, ஆனா அது தனியா வேற விதமா உடைஞ்சது. வேல செய்யாத மரபணுவ ஒரே மாதிரி உடைச்சு ரெண்டு பேருக்கும் தனித்தனியா ஏன் வைக்கணும்?

இன்னொன்னும் சொல்றேன். நமக்கு குரோமோசோம் 46, சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டானுக்கு 48. ஒரே மூதாதைன்னா ஒரு ஜோடி எங்க போச்சு? நம்ம இரண்டாவது குரோமோசோம எடுத்துப் பாத்தா, ஓரத்துல மட்டும் இருக்க வேண்டிய, முனைய காட்டுற டிஎன்ஏ எழுத்து வரிசை நடுவுல இருக்கு, கூடவே ஒரு குரோமோசோமுக்கு ஒண்ணே இருக்க வேண்டிய நடுமுடிச்சு இன்னொண்ணு வேலை செய்யாம மிச்சம் கெடக்கு. ரெண்டு குரோமோசோம் ஒட்டி ஒண்ணானது அது. கொலுசு அண்ணனுக்கு தெரியும், ரெண்டு கண்ணிய பொடி வச்சு ஒட்டுன இடம் மெருகு போட்டாலும் தெரிஞ்சவன் கண்ணுக்கு தெரியும்ல?

"தியரி மட்டும் தான்"னு சொல்றதப் பத்தி ஒண்ணு. அறிவியல்ல தியரின்னா யூகம் இல்லக்கா. கிருமியால நோய் வருதுங்குறதும் தியரி தான், அத நம்பித் தான் ஊசி போட்டுக்குறோம்.

கோட்டைமாரி அண்ணா, தசாவதாரம் எனக்கும் புடிக்கும், எங்க பாட்டி சொல்லி வளந்தவ நான். ஆனா அது பக்திக் கதை, ஒரே பெருமாள் பல உருவம் எடுக்குறது. ஒரு உயிர்ல இருந்து இன்னொரு உயிர் கிளைக்கிறதுன்னு அதுல இல்ல. அத அறிவியலுக்கு முட்டுக் குடுக்க வச்சா ரெண்டுக்குமே மரியாதை இல்லாம போயிடும்.

---

கோட்டைமாரி பக்தன் எழுதியது:

நீங்க சொல்றது யோசிக்க வேண்டியது தான் டீச்சர். பாட்டி கதைன்னு சொன்னது கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு, பரவால்ல.

---

செவ்வாய்பேட்டை கொலுசு எழுதியது:

அந்த ஒட்டு விஷயம் எனக்கு நல்லா புடிபட்டுச்சு டீச்சரம்மா. ஒட்டுன இடத்துல நெறம் ஒரு நூல் மாறும், உருட்டிப் பாத்தா வெரலே சொல்லிரும்.

ஆனா ஒண்ணு விட்டுப் போச்சு. முதல் உயிர்? அந்தம்மா கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலையே. துரு மாறுது, சரி. மொதல்ல துரு எங்க இருந்து வந்துச்சு?

---

பத்தாப்பு டீச்சர் எழுதியது:

அண்ணா, இங்க தான் எல்லாரும் ரெண்டு கேள்விய ஒண்ணா போட்டுக் குழப்பிக்கிறோம். உயிர் எப்படி மாறிச்சு, கிளைச்சுதுங்குறது பரிணாமம். உயிரே இல்லாத எடத்துல மொத உயிர் எப்படி வந்துச்சுங்குறது வேற கேள்வி. டார்வின் 1859 புத்தகத்துல ரெண்டாவத விளக்க முயற்சியே பண்ணல. 1871-ல நண்பர் ஹூக்கருக்கு எழுதுன கடிதத்துல "வெதுவெதுப்பான சின்னக் குட்டை" ஒண்ணுல ஆரம்பிச்சிருக்கலாமோன்னு ஒரு யோசனையா மட்டும் எழுதுனாரு.

அப்புறம் ரஷ்யாவுல ஓபரின் 1924-லயும், ஹால்டேன் 1929-லயும் தனித்தனியா அத கருதுகோளா வளத்தாங்க. ஹால்டேன் பின்னால இந்தியாவுக்கே வந்து 1964-ல புவனேஸ்வர்ல தான் கண்ண மூடுனாரு. 1953-ல அமெரிக்காவுல ஸ்டான்லி மில்லர்னு ஒருத்தர் கண்ணாடிக் குடுவையில மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி போட்டு மின்னல் மாதிரி பொறி விட்டாரு. ஒரு வாரத்துல தண்ணி நெறம் மாறி, புரதத்துக்கு செங்கல்லு மாதிரி இருக்குற அமினோ அமிலம் வந்துச்சு. உயிர் வரல. செங்கல்லு வந்துச்சு, வீடு வரல. அன்னிக்கு பூமியில காத்து அவர் போட்ட அதே கலவை தானாங்குறதுலயும் கேள்வி இருக்கு. ஆனா 1969-ல ஆஸ்திரேலியாவுல மர்ச்சிசன்ல விழுந்த விண்கல்லுலயும் அமினோ அமிலம் இருந்துச்சு, அப்ப அந்த செங்கல்லு தானா உருவாகுறது சாதாரணம்னு தெரியுது.

அடுத்த முடிச்சு, புரதம் செய்ய டிஎன்ஏ வேணும், டிஎன்ஏ வேல செய்ய புரதம் வேணும், எது மொதல்ல? 1980கள்ல செக், ஆல்ட்மன்னு ரெண்டு விஞ்ஞானிங்க, டிஎன்ஏ-வுக்கு சொந்தக்கார மூலக்கூறான ஆர்என்ஏ-வே, புரதம் செய்ற நொதி வேலையும் (வேதிவினைய வேகமாக்குறது) செய்யும்னு காட்டி 1989-ல நோபல் வாங்குனாங்க. அப்புறம் செல்லுக்குள்ள புரதம் கோக்குற பட்டறையான ரைபோசோம ஆராய்ஞ்சதுக்கு 2009-ல நோபல் வாங்குன மூணு பேரு, அதுல ஒருத்தர் நம்ம சிதம்பரத்துல பொறந்த வெங்கி ராமகிருஷ்ணன், அவங்க செஞ்ச வேலையில தெரிஞ்சது என்னன்னா, அந்தப் பட்டறையோட நடு இடத்துல புரதம் இல்ல, ஆர்என்ஏ தான் உக்காந்திருக்கு. புரதத்துக்கு முந்தியே ஆர்என்ஏ இருந்திருக்கலாம்ங்குறதுக்கு அது பெரிய தடயம்.

முழு விடை வரல அண்ணா. அத நான் பிள்ளைங்ககிட்டயும் அப்படியே சொல்றேன். ஆனா விசுவாசி அக்கா, ஒரு வேண்டுதல். விடை தெரியாத எடத்துல தான் தேவனோட கைன்னு சொல்லாதீங்க. நாளைக்கு யாராவது அந்த விடையக் கண்டுபிடிச்சா, நீங்க வளத்த பிள்ளை அன்னிக்கே கடவுள விட்டுரும்.

---

விசுவாசி சேலம் எழுதியது:

டீச்சர், கடைசி வரிய நாலு தடவ படிச்சேன். என் வகுப்புல படிச்ச ஒரு பையன் காலேஜ் போயி இதே காரணத்துக்காக கோயிலுக்கு வர்றதையே நிறுத்திட்டான். அவங்கம்மா இன்னும் என்கிட்ட வந்து அழுவாங்க. அவன் கேட்டதுக்கு நான் "சந்தேகம் சாத்தானோடது"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அது தப்பு.

ஆனாலும் மனுஷன் தேவ சாயலா படைக்கப்பட்டான்ங்குறத நான் விட மாட்டேன். அது போச்சுன்னா மனுஷனுக்கும் மிருகத்துக்கும் என்ன வித்தியாசம், ஏழைய எதுக்கு தூக்கி விடணும்?

---

வெள்ளைக்கல் எழுதியது:

அத விடச் சொல்லி யாரும் கேக்கலம்மா. பட்டாணிச் செடி வச்சு மரபியலுக்கு அடிக்கல் போட்ட மெண்டல் ஒரு துறவி. 1996-ல போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேலானதுன்னு சொன்னாரு, ஆன்மா கடவுள் தர்றதுங்குறத அவரும் விடல. 2005-ல அமெரிக்காவுல டோவர்னு ஒரு ஊர்ல படைப்பு வாதத்த வேற பேர்ல பாடத்துல நுழைக்கப் பாத்து கோர்ட்டுல தோத்தாங்க, அந்த வழக்குல பரிணாமத்துக்காக சாட்சி சொன்ன பேராசிரியர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர். பாறைக்கு வயசு சொல்ல எனக்கு தெரியும். ஏழைய ஏன் தூக்கி விடணும்னு அந்தப் பாறை சொல்லாது, அது உங்க வகுப்புல சொல்ல வேண்டியது.

---

காப்பிக்காடு எழுதியது:

கொலுசு அண்ணா, பொண்ண கூட்டிட்டு ஒரு நாள் மேல வாங்க. துரு மட்டும் இல்ல, இன்னொன்னும் காட்டணும். குழி எடுக்கும்போது சில சமயம் ஒரு பாம்பு வரும், ஒரு சாண், ஒண்ணரை சாண் இருக்கும், வாலு வெட்டி விட்ட மாதிரி மொட்டையா சொரசொரன்னு, அதுல மண்ணு அப்பியிருக்கும். கேடயவால் பாம்புன்னு சொல்றாங்க. கடிக்காது, மண்புழு தான் தின்னும். எங்க ஆளுங்க முந்தி மம்பட்டியால போட்டுருவாங்க, இப்ப நான் விடுறது இல்ல. ஆராய்ச்சிக்கு வந்த பசங்க சொன்னாங்க, இந்தக் குடும்பமே தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் தான் இருக்காம், 50 வகைக்கு மேல, அதுல ஒரு வகை நம்ம சேர்வராயன் மலையில மட்டும் தானாம், 1863-லயே பெட்டோம்னு ஒருத்தர் எழுதி வச்சிருக்காரு. ஈர மண்ணுக்குள்ளயே வாழுறது, கீழ எறங்கி சேலத்து வெயில்ல சமவெளிய தாண்டி பக்கத்து மலைக்கு போவ முடியாது. அதனால மலைக்கு மலை தனித்தனியா மாறிப் போச்சு, தீவு மாதிரி.

---

செவ்வாய்பேட்டை கொலுசு எழுதியது:

நேத்து போயிட்டு வந்தோம்ங்க. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறுற வரைக்கும் பொண்ணு ஜன்னல்ல தலைய வச்சு பாறையவே பாத்துட்டு வந்தா, "250 கோடி, 250 கோடி"ன்னு சொல்லிக்கிட்டே.

தம்பி தோட்டத்துல இலைய திருப்பிக் காட்டுனாரு. இவ வெரல்ல தேச்சுப் பாத்தா, அந்த ஆரஞ்சுப் பொடி நகத்துக்குள்ள ஏறிருச்சு. ஒரே வரிசையில எஸ் 795 ஒண்ணு, காவேரி ஒண்ணு, ரெண்டுலயும் துரு. அவ ரொம்ப நேரம் பேசல. அப்புறம் தம்பிகிட்ட "உங்க அப்பா நட்டப்ப இது சுத்தமா இருந்துச்சா"ன்னு கேட்டா. அவரு ஆமாம்மான்னாரு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன், கண்ணு கலங்கிருச்சு.

கீழ வரும்போது நான் சொன்னேன், அன்னிக்கு கொலுசு கதை சொன்னது தப்பும்மா, கொலுசு பெருகாது, மாறாது, உயிர் பெருகும், மாறும், ரெண்டையும் ஒரே தராசுல வச்சிட்டேன்னு. பரீட்சையில நீ எழுதுறது பொய் இல்ல. கோயில்ல நீ ஜெபம் பண்றதும் பொய் இல்ல, அந்த ஆறு நாள நம்ம கடிகாரத்த வச்சு எண்ண வேண்டாம், அவ்ளோ தான் உங்கப்பனுக்குத் தெரிஞ்சதுன்னேன். "அப்ப டீச்சர் ஏன் அப்படி சொன்னாங்க"ன்னா. அவங்களுக்கும் யாரும் இலைய திருப்பிக் காட்டலம்மான்னேன்.

பாம்பு மட்டும் பாக்கல. மண்ணு காஞ்சு கெடந்துச்சு.

---

விசுவாசி சேலம் எழுதியது:

பிரதர், என் வகுப்புல பதினோரு பிள்ளைங்க இருக்காங்க. அந்த தோட்டத்துக்கு நாங்க வரலாமா? தம்பிக்கு இடைஞ்சலா இருக்காதுன்னா. டீச்சரும் கூட வந்தா எனக்கு தைரியமா இருக்கும், பிள்ளைங்க கேக்குறதுக்கு நான் தனியா பதில் சொல்ல முடியாது.

---

பத்தாப்பு டீச்சர் எழுதியது:

வர்றேன் அக்கா. லென்ஸ் நான் எடுத்துட்டு வர்றேன்.

---

காப்பிக்காடு எழுதியது:

தாராளமா வாங்கக்கா. ஆனா இப்ப வேண்டாம், ரெண்டு நல்ல மழை விழட்டும், நாத்து நட குழி எடுக்க ஆரம்பிக்கிற அன்னிக்கு சொல்றேன். காலையில ஏழு மணிக்குள்ள வந்துருங்க, வெயில் ஏறுனா அது உள்ள போயிடும்.